ரெக்கார்டு நோட்டில் ஒரு மாஞ்செடி

"படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்." இந்த வசவை ஒருமுறையேனும் வாங்காமல் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் தமிழ்நாட்டில் குறைவாகத்தான் இருப்பார்கள். அதைச் சொல்லும் ஆசிரியர்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பெரும்பாலும் அவரும் மாடு மேய்த்த ஒருவரின் பிள்ளைதான். தான் தப்பித்து வந்த வழியைத் தனக்குத் தெரிந்த பேச்சில் சொல்கிறார். விசித்திரம் வேறிடத்தில் இருக்கிறது. இந்த வசவு விழுகிற அரசு மேல்நிலைப் பள்ளிகள் சிலவற்றில், சைக்கிள் ஷெட்டைத் தாண்டிய கடைசிக் கட்டடத்தில், வேளாண் அறிவியல் என்ற பாடம் பொதுத்தேர்வுக்குரிய மரியாதையோடு நடந்துகொண்டிருக்கும். மண்ணில் கைவைப்பது தோற்றவனுக்குத் தண்டனை என்று ஒரு கட்டடத்தில் சொல்கிறார்கள். இன்னொரு கட்டடத்தில் அதற்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. பத்தாவதுக்குப் பிறகு எல்லோரும் கல்லூரியைப் பார்த்து ஓட வேண்டியதில்லை, பாதிப் பேராவது ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வெளியே வரலாம் என்று 1964-66 கோத்தாரிக் குழு நினைத்தது. அந்த நினைப்பின் நீட்சி இது. பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் விரும்பி வந்தார்கள் என்று சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் வாரத்தில் ஏதாவது ஒரு தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றால் போதும்.

"சார், பயாலஜி குரூப் கிடைக்காதா?"

"முந்நூறுகூட இல்லையேம்மா. அக்ரி இருக்கு, போட்டுக்கிறியா?"

ஜவுளிக் கடையில் கேட்ட நிறம் தீர்ந்துபோனால் வேறு நிறத்தை எடுத்து விரிப்பதுபோல. பக்கத்தில் நிற்கிற தகப்பன் விவசாயியாக இருந்தால் அவருக்குத்தான் இதில் அதிக வருத்தம். "வயல்ல கிடக்க நான் ஒருத்தன் போதாதா சார்?" என்பார்.

அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்குகிற கல்வியாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தகப்பனுக்கு வரலாறு தெரியாமல் இருக்கலாம், ஆனால் வரலாறு அவர் பக்கம் இருக்கிறது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மிச்சப் பொழுதில் பிள்ளைகள் பெற்றவர் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். அரசு வைத்த பெயர் மறந்துபோய் இந்தப் பெயரே நின்றுவிட்டது. 1954இல் ராஜாஜி விலகி, காமராஜர் வந்து, திட்டமும் போனது. அதைக் கைவிடுவதாக அறிவித்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம். பத்தாண்டு கழித்து அவரே மத்திய வேளாண் அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு அடித்தளம் போட்டார். பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் நடுவே நமக்கிருக்கிற சிக்கல் முழுவதும் அந்த ஒரு மனிதரின் பதவிப் பட்டியலிலேயே இருக்கிறது.

காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியையும் ராஜாஜியின் திட்டத்தையும் ஒன்றாகக் கட்டிவைத்துப் பேசுவது நம் வழக்கம். எனக்கு அவை வேறு வேறாகத்தான் படுகின்றன. ஆதாரக் கல்வி தொழிலைப் பள்ளிக்குள்ளே கொண்டுவரச் சொன்னது. 1953 திட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே அனுப்பியது. உள்ளே வருகிற தொழிலை யார் வேண்டுமானாலும் கற்கலாம். வெளியே போகிற பிள்ளை தன் வீட்டுக்குத்தான் போக முடியும். தன் தகப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கொடுத்தால் அது குலக்கல்வி. அடுத்த தெருத் தகப்பனின் தொழிலையும், ஊரில் எந்தத் தகப்பனுக்கும் தெரியாத தொழிலையும் கொடுத்தால் அது பள்ளிக்கூடம்.

தோட்டக்கலை இந்த இரண்டாவது வகைக்கு நல்ல சான்று. வெற்றிலைக் கொடிக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அகத்தியை விதைத்து வளர்த்து, அதன்மேல் கொடி ஏற்றி, வளர்ந்த கொடியை ஆண்டுக்கொருமுறை இறக்கிச் சுருட்டி மண்ணுக்குள் வைத்து மறுபடி ஏற்றிக் கட்டுகிற நுட்பம் அது. காலங்காலமாகச் சில குடும்பங்களுக்குள்ளேயே இருந்தது. சாதிப் பெயரிலேயே கொடிக்கால் ஒட்டிக்கொண்டது. ராமேசுவரம் போகிற வழியில் தங்கச்சிமடம் பகுதியில் உற்பத்தியாகும் குண்டுமல்லி நாற்று தமிழ்நாடு முழுக்கப் போகிறது. நாற்று போகிறதே தவிர, அந்த மணலில் மல்லித் தண்டை எப்படி வேர் பிடிக்கவைக்கிறார்கள் என்ற கைப்பக்குவம் அவ்வளவு தூரம் போவதில்லை. அது அங்குள்ள வீடுகளில் இருக்கிறது. ஒரு வீட்டின் கைப்பக்குவம் சொந்தபந்தம் இல்லாத இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குப் போய்ச்சேர நம் சமூகத்தில் பள்ளியைத் தவிர வேறு வாசல் கிடையாது.

எந்த வீட்டிலும் இல்லாத அறிவும் இருக்கிறது. முருங்கை என்றால் போத்து வெட்டி நடுவதுதான் நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த வழி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.1 முருங்கை விதையிலிருந்து வளர்வது, ஆறு மாதத்தில் காய்ப்பது. முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் அதன் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் பக்கக் கிளைகள் வெடிக்கும். நன்றாக வளர்கிற செடியின் தலையை ஏன் கிள்ளுகிறாய் என்று தாத்தா கேட்பார். அந்த இடத்தில் பேரப்பிள்ளை பதில் சொல்ல முடிந்தால், அதைவிடக் குலக்கல்விக்கு நேரெதிரான காட்சி வேறு இருக்க முடியாது.

இந்த நாட்டில் தோட்டக்கலை முறைப்படி வந்ததே பிளவோடுதான். சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835இல் தொடங்கியது. உதகை தாவரவியல் பூங்கா 1848இல் உருவாக ஆரம்பித்தது. கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவரின் பெயரை இன்றும் சொல்கிறோம். சரிவை வெட்டித் தட்டுத்தட்டாக்கிய கைகளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. துரைக்குச் செடியின் லத்தீன் பெயர் தெரியும். தோட்டக்காரருக்குச் செடி தெரியும். 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோவைக்குப் போய்க் கல்லூரியானது, 1971இல் பல்கலைக்கழகமானது. பள்ளியாகப் பிறந்தது மேலே மேலே போய்விட்டது, பள்ளி கீழேயே நின்றுவிட்டது. பெயர் தெரிந்தவனும் கை தெரிந்தவனும் ஒரே ஆளாக ஆவதற்கான இடம் பதினாறு வயதில் இருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் பட்டம் வாங்கிய பிறகு மண்வெட்டி பிடிக்கக் கூச்சம் வந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த வேளாண் ஆசிரியர் ஒருவர் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பதினொன்றாம் வகுப்பில் முதல் வேலையாக மாங்கொட்டை கேட்பார். வீட்டில் தின்ற பழத்தின் கொட்டையைத் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள் என்பார். பிள்ளைகள் சிரிக்கும். ஆனால் அவசரம் நிஜமானது. மாங்கொட்டைக்கு முளைப்புத் திறன் ஒரு மாதம்தான் நன்றாக நிற்கும், அதற்குப் பிறகு நட்டுப் பயனில்லை. பாத்தியில் ஊன்றி, முளைத்ததை மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்து நிரப்பிய பாலித்தீன் பைக்கு மாற்றி, ஓராண்டு வளர்க்க வேண்டும். அது வேர்ச்செடி. அதே பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்து, ஆடி ஆவணியில் நாலு மழை விழுந்து காற்றில் ஈரம் ஏறியதும், இளந்தண்டு ஒட்டுக் கட்டுவார்கள். மேல்நிலைப் படிப்பின் இரண்டு ஆண்டும் ஓர் ஒட்டுமாங்கன்றின் வயதும் இப்படி அச்சாகப் பொருந்திப்போவது யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல.

ஒட்டுக்கான தண்டைத் தாய்மரத்திலிருந்து அன்றைக்கே போய் ஒடித்து வர முடியாது. ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக அதன் இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கிவிட வேண்டும். காம்பு தானாக உதிரும், நுனி மொட்டு புடைக்கும். மரம் இலையை இழந்த பதற்றத்தில் துளிர்க்கத் தயாராகும் நேரம் பார்த்து வெட்ட வேண்டும். வேர்ச்செடியின் தலையைச் சீவி, நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளந்து, ஒட்டுத் தண்டின் அடியை இருபுறமும் ஆப்பு மாதிரி சீவிச் செருக வேண்டும். சீவல் ஒரே இழுப்பில் விழ வேண்டும். இரண்டாம் தடவை கத்தி வைத்தால் மேடுபள்ளமாகி உள்ளே காற்று நிற்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற கேம்பியம் என்ற வளர்திசு, இரண்டு பக்கமும் முடியாவிட்டால் ஒரு பக்கமாவது, நேருக்கு நேர் உட்கார வேண்டும். மேலே பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, ஈரம் போகாதபடி ஒடுக்கமான உறை ஒன்றைக் கவிழ்க்க வேண்டும். அடுத்த கட்டடத்தில் பயாலஜி குரூப் மாணவர்களுக்குக் கேம்பியம் என்பது நுண்ணோக்கியில் தெரியும் வளையம். இங்கே அது நகத்தில் பிசுபிசுக்கும் ஈரம். தென்னைக்கும் வாழைக்கும் ஏன் ஒட்டுக் கட்டுவதில்லை என்று இந்தப் பிள்ளைகளிடம் யாரும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒருவித்திலைத் தாவரத்தில் அந்த ஈரத்தைத் தேடிப் பார்த்துக் காணாமல் கத்தியை மடக்கியிருப்பார்கள்.

கட்டி முடித்த ஒரு மாணவி கேட்டாள்: "சார், பிடிச்சிருக்கான்னு எப்படித் தெரியும்?"

"பிரிச்சுப் பார்த்தா தெரியும்மா. ஆனா பிரிச்சுப் பார்த்தா பிடிக்காது."

இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் உறைக்குள் செம்பு நிறத்தில் துளிர் தெரியும், அல்லது தண்டு கறுத்திருக்கும். கறுத்துப்போனால் அதற்கு விளக்கம் எழுதி மதிப்பெண் வாங்க முடியாது. மற்றப் பாடங்களில் பாதி சரியான விடைக்குப் பாதி மதிப்பெண் உண்டு. பாதி பிடித்த ஒட்டு என்று ஒன்று இல்லை.

பிடித்த பிறகும் வேலை முடிவதில்லை. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி தன் சொந்தத் துளிரை விட்டுக்கொண்டேயிருக்கும். அதை வாரம் தவறாமல் கிள்ளி எறியாவிட்டால் உணவையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். மேலே இருக்கும் நீலமோ பங்கனப்பள்ளியோ மெல்லப் பட்டுப்போகும். பையில் பச்சையாக ஒரு மாஞ்செடி நிற்கும், ஆனால் அது வெறும் கொட்டைச்செடி. தெரியாமல் வாங்கி நட்டவர் பல வருடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, என்ன பழம் என்றே தெரியாத ஒன்றைப் பறித்துக்கொண்டு நாற்றுப்பண்ணைக்காரரைத் திட்டுவார். அடுத்த தடவை நாற்று வாங்கும்போது ஒட்டு முடிச்சுக்கு மேலேயா கீழேயா துளிர் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். அக்ரி குரூப் பிள்ளைகளுக்குத் தெரிந்த, பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்குத் தெரியாத விஷயம் அது.

மேலே சொன்னபடி நடக்கிற பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் ஒட்டுக் கட்டுதல் நடப்பது ரெக்கார்டு நோட்டில். இடதுபக்க வெள்ளைத் தாளில் பென்சிலால் ஒரு தண்டு, அதில் ஓர் ஆப்பு, அம்புக்குறி போட்டு 'வேர்ச்செடி', 'ஒட்டுத் தண்டு'. வலதுபக்கக் கோடு போட்ட தாளில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை. கீழே ஆசிரியர் கையெழுத்து. அக்கா எழுதியதைப் பார்த்துத் தங்கை எழுத, தங்கை எழுதியதை அடுத்த வருடம் எதிர் வீட்டுப் பையன் எழுதுவான். பிராக்டிகல் தேர்வுக்கு வருகிற வெளித்தேர்வாளர் மேசையில் கிண்ணம் கிண்ணமாக வைத்திருக்கும் உரங்களையும் விதைகளையும் களைச்செடிகளையும் அடையாளம் காட்டச் சொல்வார், ரெக்கார்டைப் புரட்டுவார், நாலு கேள்வி கேட்பார். கத்தியைக் கொடுத்து ஒன்று கட்டிக் காட்டு என்பது அரிது. சொன்னாலும் அது பிடித்ததா என்று பார்க்க மூன்று வாரம் கழித்து அவர் வரப்போவதில்லை. தேர்வு ஒரு நாளில் முடிகிற காரியம், செடிக்கு அது போதாது.

இதைவிடப் பெரிய வில்லன் மே மாதம். பொதுத்தேர்வு மார்ச்சில் முடிகிறது. ஏப்ரலில் பள்ளி காலியாகிறது. அக்னி நட்சத்திரம் உச்சியில் நிற்கும்போது பாலித்தீன் பையில் இருக்கிற கன்றுக்கு அநேகமாகத் தினமும் தண்ணீர் வேண்டும். கேட்டுக்குப் பூட்டு, மோட்டார் அறைக்கு இன்னொரு பூட்டு, சாவி யாரிடம் என்று தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு கிளம்பிப்போய்விட்டது, பதினொன்று அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறது. ஜூனில் திரும்பி வந்து பார்த்தால் பைகளில் குச்சிகள். மண்ணையும் பருவத்தையும் கற்றுத் தருகிற பாடத்தை, பருவத்தையே கணக்கில் எடுக்காத ஒரு நாட்காட்டிக்குள் வைத்திருக்கிறோம். இதை நுணுக்கமாகப் பேச வேண்டிய பாடத்திட்டக் குழுக்கள் அலகுகளின் தலைப்பை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கின்றன.

அமெரிக்காவில் 1917இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் இந்த இடத்தில் உஷாராக இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் வேளாண்மை படிப்பவர் ஆண்டில் குறைந்தது ஆறு மாதம் பண்ணையில், மேற்பார்வையோடு, செயல்முறைப் பயிற்சி பெற வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆசிரியர் மாணவன் வீட்டுத் தோட்டத்துக்கே போய்ப் பார்க்கிற வழக்கம் அதற்கும் முன்பே மாசசூசெட்ஸில் ரூஃபஸ் ஸ்டிம்சன் என்பவர் தொடங்கியது. அவர்களிடமும் குறை இல்லாமலில்லை. 1928இல் தொடங்கிய எதிர்கால விவசாயிகள் அமைப்போடு, தென்மாநிலங்களின் கறுப்பின மாணவர்களுக்குத் தனி அமைப்பு இருந்தது. இரண்டும் இணைய 1965 ஆயிற்று. பெண்பிள்ளைகளைத் தேசிய அளவில் உறுப்பினராகச் சேர்த்தது 1969இல்தான். விவசாயி மகனுக்கு மட்டும் என்று தொடங்கியது, எல்லோருக்கும் என்று ஆக நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. இன்று ஃபிலடெல்பியா, சிகாகோ போன்ற நகரங்களுக்குள்ளேயே வேளாண் உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. வயல் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். நாம் இன்னும் அந்த முதல் படியிலேயே நிற்கிறோம், அதுவும் விவசாயி மகனுக்கே பிடிக்காத விதத்தில்.

ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பள்ளிகள் ஒப்புக்கொள்வதில்லை. விருந்தினர் வருகிறார், மரம் நடுவிழா. "அக்ரி பசங்களைக் கூப்பிடு" என்று ஆள் போகும். வேதியியல் வகுப்பு நடுவில் யாரும் வந்து, உப்புக் கரைசல் கொஞ்சம் வேண்டும், பத்து பேரை அனுப்புங்கள் என்று கேட்பதில்லை. இவர்களை மட்டும் கேட்கலாம். குழி இவர்கள் வெட்டுவார்கள், கன்றை விருந்தினர் பிடிப்பார், படத்தில் ஃபர்ஸ்ட் குரூப் மாணவர்கள் கைதட்டுவார்கள். மைதானத்தில் புல் மண்டினாலும் இவர்கள்தான். கற்பதற்காக வெட்டுகிற குழிக்கும் ஏவலுக்காக வெட்டுகிற குழிக்கும் ஆழம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். குலக்கல்வியை எதிர்த்துத் துரத்திய மாநிலத்தில், ஒரே பள்ளிக்குள் மூளைக்கு ஒரு குரூப் கைக்கு ஒரு குரூப் என்று நாமே வரிசை வைத்திருக்கிறோம். மார்க் என்ற பெயரில் நடப்பதால் அதை யாரும் எதிர்ப்பதில்லை.

மேற்படிப்புக்கு வழி இல்லாமலில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கு 5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. தோட்டக்கலையில் இரண்டாண்டுப் பட்டயம் முடித்தால் உதவித் தோட்டக்கலை அலுவலர் வேலைக்குத் தேர்வெழுதலாம். குழித்தட்டில் காய்கறி நாற்று விடுகிற பண்ணைகள் ஒசூர்ப் பக்கமும் மற்ற இடங்களிலும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்குக் கை சுத்தமாக வேலை செய்கிற ஆள் எப்போதும் தேவை. இவையெல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் ஒரு பாடத்தை அது தருகிற வேலையை மட்டும் வைத்து நியாயப்படுத்தத் தொடங்கினால் தமிழ் இலக்கியத்தையும் வரலாற்றையும் நாளைக்கே மூட வேண்டியிருக்கும். டாக்டராகப் போகிற பிள்ளைக்கும், தான் செய்தது பிடித்ததா இல்லையா என்று தெரியாமல் மூன்று வாரம் இருந்து பழகுவது நல்லது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் வேளாண் பிரிவு இருந்தால் ஏப்ரல் கூட்டத்திலேயே மோட்டார் அறைச் சாவி கோடையில் யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். காலையில் வந்து தண்ணீர் ஊற்ற ஒருவருக்குக் கூலி ஒதுக்கச் சொல்லுங்கள். பள்ளி ஆண்டு விழாவின் பந்தல் செலவில் ஒரு மூலை போதும் அதற்கு. ஆளுக்கொரு ஒட்டுக் கத்தி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். மரம் நடுவிழா வந்தால் எல்லா குரூப்பும் குழி வெட்டட்டும், இல்லையென்றால் யாரும் வேண்டாம். அடுத்த சேர்க்கையின்போது நானூற்றைம்பது மார்க் எடுத்த பிள்ளை ஒன்று வந்து அக்ரி குரூப்தான் வேண்டும் என்று கேட்டால், பெற்றோரைக் கூட்டிவா என்று திருப்பி அனுப்பாமல் அன்றைக்கே சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.